அக்னிவீர் சம்பளமும் சேவா நிதியும்: கையில் எவ்வளவு நிற்கும்?

தாமிரபரணி:
தம்பிக்கு அக்னிவீர் (நாலு வருஷத்துக்கு மட்டும் எடுக்கிற ராணுவ வேலை) தேர்வு முடிஞ்சு சேரச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. நாலு வருஷம் முடிஞ்சா அரசு 11.71 லட்சம் தரும்னு ஊர்ல சொல்றாங்க. மாசம் கைக்கு எவ்வளவு வரும்? நடுவுல விலகினா அந்தப் பணம் என்ன ஆகும்?

கணக்குப்பிள்ளை:
முதல் வருஷச் சம்பளம் 30,000. அதுல 30 சதவீதம், அதாவது 9,000, சேவா நிதிக்குப் பிடிப்பாங்க (நாலு வருஷம் முடிஞ்சதும் மொத்தமா தர்ற சேமிப்பு, நீங்க சொன்ன 11.71 லட்சம் இதுதான்), கைக்கு 21,000. அடுத்தடுத்த வருஷம் 33,000, 36,500, 40,000. கடைசி வருஷம் கைக்கு 28,000 நிக்கும். அகவிலைப்படி கிடையாது. நிரந்தரச் சிப்பாய்க்கு வர்ற 5,200 ராணுவ சேவை ஊதியமும் கிடையாது. ரேஷன், உடை, பயணப்படி தனி; ஆபத்தான இடத்துல போட்டா அதுக்கும் படி உண்டு.

11.71 லட்சம் முழுக்க அரசு தர்றதில்லைங்க. பிடித்தம் மட்டும் 5.02 லட்சம், அது தம்பி சம்பளம். அதே அளவு அரசு போடும், மீதி வட்டி. மொத்தத்துக்கும் வருமான வரி இல்லை. ஆனா பென்ஷன், கிராஜுவிட்டி, முன்னாள் ராணுவத்தினர் அந்தஸ்து, கேன்டீன், மருத்துவத் திட்டம் எதுவும் நாலு வருஷத்துக்கு அப்புறம் கிடையாது.

வடவெல்லை:
சொந்த விருப்பத்துல நடுவுல விலகினா அவர் கட்டினதும் அதோட வட்டியும்தான் வரும். அரசுப் பங்கு போயிடும். நாலு வருஷம் முடிஞ்சு நிரந்தரப் படைக்கு எடுக்கப்படுற அதிகபட்சம் 25 சதவீதம் பேர்ல வந்தாலும் அரசுப் பங்கு கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்லை. 11.71 லட்சத்தை நம்பி இப்பவே வீட்டுக்கடன், தங்கச்சி கல்யாணம்னு திட்டம் போடாதீங்க.

கணக்குப்பிள்ளை:
வடவெல்லை சார் சொல்றது சரி. காப்பீடு 48 லட்சம், பிரீமியம் பிடிக்கமாட்டாங்க. பணி காரணமா உயிரிழந்தா கூடுதலா 44 லட்சமும் மீதி மாதங்களுக்கான சம்பளமும் உண்டு. பணி காரணமா வர்ற ஊனம் 100, 75, 50 சதவீதம்னா 44, 25, 15 லட்சம். ஆனா அதே சண்டையில இறக்கிற நிரந்தரச் சிப்பாயின் மனைவிக்குக் கடைசிச் சம்பளம் அளவு குடும்ப பென்ஷன் ஆயுசுக்கும் வரும். அக்னிவீர் பெற்றோருக்கு மாசாமாசம் எதுவுமில்லை. அரசு முதல்ல திருத்த வேண்டியது இதைத்தான்.

சேரும்போது நாமினி விவரத்தைச் சரியா எழுதச் சொல்லுங்க. ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பாஸ்புக்ல முன்னாடி, சான்றிதழ்ல அப்பா பேர் முழுசான்னு இருந்தா பணம் அங்கேயே நிக்கும். அம்மா, அப்பா ரெண்டு பேர் ஆவணத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரே மாதிரி திருத்திடுங்க.