95 செ.மீ. மழைக்கு என்ன பேரு வைக்கணும்?

குறுக்குத்துறைக்காரன்:
நேத்து இங்க பிசானம் அண்ணாச்சி எழுதியிருந்தாரு: "காலநிலை மாற்றத்தப் பேரழிவுன்னு சொல்லுதது ஆள மெரட்டுத பேச்சு. மழை கூடும், குறையும்." படிச்சதுல இருந்து மனசு ஆறல. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு. அங்க வருசம் முழுக்கப் பெய்யுத மழைய விட அது கூட. இதுக்குப் பேரு கூடுததா, குறையுததா?

பிசானம்:
காயல்பட்டினம் தூத்துக்குடி மாவட்டம். 1986-லயே பிரிச்சாச்சு. நெல்லைல உக்காந்துக்கிட்டு அடுத்த மாவட்டத்துக் கணக்க எதுக்குவே தூக்கிட்டு வாரீரு? 1992 நவம்பர் வெள்ளத்த நான் கண்ணால பாத்தவன். 1876-ல தாது வருசப் பஞ்சம். அதுவும் வெப்பமயமாதலா?

குறுக்குத்துறைக்காரன்:
நெல்லைக் கணக்குதான வேணும்? மாஞ்சோலை மலைல 55 செ.மீ. மூலைக்கரைப்பட்டில 60-க்கு மேல. மலையும் நனைஞ்சுது, மானாவாரிக் காடும் நனைஞ்சுது. ஆனா 95-க்கு இன்னும் நீரு பதில் சொல்லல.

பிசானம்:
அது குமரிக்கடல் மேல வந்த மேலடுக்குச் சுழற்சி. வானிலைக்காரங்களே சொன்னாங்க. சுழற்சி இன்னைக்கு நேத்தா வருது?

பாளை டீச்சர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க. சுழற்சி எப்பவும் வரும். ஆனா காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் ஈரத்தக் கூடுதலாப் பிடிக்கும். அதே சுழற்சி இப்ப கூடுதல் தண்ணியச் சுமந்துட்டு வரும். பூமி சுமார் 1.1 டிகிரி ஏறியிருக்குன்னு ஐ.நா.வோட காலநிலைக் குழு ஐபிசிசி 2021-லயே சொல்லியாச்சு. அதுக்காகப் 'பேரழிவு'ன்னு வகுப்புல சொல்ல எனக்கு மனசு வரல. பிள்ளைங்க, "அப்ப படிச்சு என்ன டீச்சர் செய்ய?"ன்னு கேக்குதுங்க. 'நெருக்கடி' போதும்.

குறுக்குத்துறைக்காரன்:
டீச்சர், வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி நின்னவங்ககிட்டப் போயி 'நெருக்கடி'ன்னு சொல்லிப் பாருங்க. 95 செ.மீ. டீச்சர்! ஒரே நாள்ல!

தேரிக்காட்டான்:
எங்க ஊரு தண்ணிய வச்சு நீங்க சண்ட போடுதீய. மாவட்டத்தப் பிரிச்சா தாமிரபரணி ஆறு நின்னுருமா பிசானம்? பாபநாசத்துல இறங்குத தண்ணி புன்னக்காயல்லதான் கடல் சேருது. ஸ்ரீவைகுண்டத்துல ரயில்ல மாட்டுன சனம் சோறு தண்ணி இல்லாமக் கெடந்துச்சு. அன்னைக்கு எந்த மாவட்டம்னா கேட்டோம்?
குறுக்குத்துறைக்கும் ஒண்ணு சொல்லுதேன். எங்க குளம் ஒடைஞ்சதுக்கு வானம் மட்டும் காரணமில்ல. கரைய யாரும் வருசக்கணக்கா எட்டிப் பாக்கல, மிச்சத் தண்ணி வெளியேறுத மறுகால் ஓடைல சீமைக்கருவேலம். எல்லாத்தையும் காலநிலை தலைல போட்டா, கரையக் கவனிக்காதவன் தப்பிச்சிருவான்.

பிசானம்:
அதத்தான நானும் சொல்லுதேன்! குளத்தத் தூர் வாருங்க, பேரு வைக்கிறத அப்புறம் பாக்கலாம்.

தேரிக்காட்டான்:
நீரு சொன்னது அது இல்ல. நீரு சொன்னது "மழை கூடும், குறையும்."

குறுக்குத்துறைக்காரன்:
குளம் தூர்ந்து கெடந்தா 10 செ.மீ.க்கும் ஒடையும்னு எனக்கும் தெரியும்லா. 95-க்கு எந்தக் கரை நிக்கும்? புதுக் கரையும் நிக்காது. அதான் பேரழிவுங்கேன்.

பிசானம்:
கார் சாகுபடிக்கு அணைத் தண்ணி கேட்டு நான் இங்க பக்கம் பக்கமா எழுதினேனே, அப்ப ஒரு வரி ஆதரவா எழுதினீரா? நாத்து காஞ்சப்ப வாயத் தொறக்காத மனுசன் இப்ப பூமிக்கே அழுதீரு.

குறுக்குத்துறைக்காரன்:
அப்ப எங்க அம்மா ஆஸ்பத்திரில. உமக்குத் தெரியும். தெரிஞ்சே இதக் கேக்கீரு பாத்தீரா?

பாளை டீச்சர்:
அண்ணாச்சி, இது தேவையில்லாத பேச்சு.

பிசானம்:
அம்மா விசயம் நெசமாவே தெரியாதுவே. ஆனா காயல்பட்டினம் தூத்துக்குடி மாவட்டம்தான்.

குறுக்குத்துறைக்காரன்:
எந்த மாவட்டமா இருந்தா என்ன? பெஞ்சது 95.

தேரிக்காட்டான்:
எங்க குளத்துக் கரைல ஒடைஞ்ச எடத்துல இன்னும் மண்ணு மூட்டைதான் அடுக்கிக் கெடக்கு. அதப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டீயளா?

குறுக்குத்துறைக்காரன்:
பேசுவோம். மொதல்ல அவரு 95-க்குப் பதில் சொல்லட்டும்.