கிணற்றில் இருப்பதைவிட அதிகமாக வாயு வருகிறதே! ஷேல் கணிப்பில் எங்கே தவறினேன்?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். ஒரு ஷேல் (இறுகிய களிமண் பாறை) வாயுக் கிணறு தன் ஆயுளில் மொத்தம் எவ்வளவு தரும் என்று கணிக்கப் பழகுகிறேன். படிப்புக்காகத்தான், யாரும் இதை நம்பிப் பணம் போடப்போவதில்லை. கையில் இருப்பது 18 மாத உற்பத்தித் தரவு.

எக்செல் சால்வரில், உற்பத்தி காலப்போக்கில் எப்படிச் சரியும் என்று சொல்லும் ஆர்ப்ஸ் சமன்பாட்டைப் பொருத்தினேன். தொடக்க வீதம் நாளைக்கு 60 லட்சம் கனஅடி. தொடக்கச் சரிவு வருடத்துக்கு 3.0, அதாவது முதல் வருட முடிவில் வீதம் 67 சதவீதம் குறைந்து 20 லட்சத்துக்கு வந்துவிடுகிறது. சரிவு எவ்வளவு சீக்கிரம் மெதுவாகிறது என்று காட்டும் பி-மதிப்பு 1.6. கோடு புள்ளிகள் மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. இதை 30 வருடத்துக்கு நீட்டினால் மொத்தம் 665 கோடி கனஅடி.

அப்புறம் சரிபார்க்கலாமே என்று பாறைக்குள் எவ்வளவு வாயு இருக்கிறது என்றும் கணக்கிட்டேன். கிடைமட்டக் கிணற்றின் நீளம் 5,000 அடி, கிணறுகளுக்கு இடையே தூரம் 660 அடி, பாறையின் தடிமன் 150 அடி, நுண்துளைமை 6 சதவீதம், அதில் 30 சதவீதம் தண்ணீர், வாயுவின் கன அளவுக் காரணி (தரையில் ஒரு கனஅடி ஆகும் வாயு பாறைக்குள் பிடிக்கும் இடம்) 0.004. வந்த விடை 520 கோடி கனஅடி.

இருப்பது 520, எடுப்பது 665. மீட்பு 128 சதவீதம்! அட்சய பாத்திரம் மாதிரி இருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன், பெருக்கலில் பிழை இல்லை. எங்கே கோட்டைவிட்டேன்?

நுண்துளை:
முதலில் கண்ணில் பட்டது: நீங்கள் கணக்கிட்டது துளைகளில் சுதந்திரமாக இருக்கும் வாயுவை மட்டும். ஷேலில் கரிமப் பொருளின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாயுவும் உண்டு. எந்த அழுத்தத்தில் எவ்வளவு ஒட்டும் என்று கணக்கிட உதவும் லாங்க்மூர் மாறிலிகள் இருக்கின்றனவா? கூடவே, அந்த 5,000 அடியும் 660 அடியும் எங்கிருந்து எடுத்தீர்கள்?

கணக்குப்பிள்ளை:
மாறிலிகள் இருக்கின்றன. லாங்க்மூர் கன அளவு டன்னுக்கு 80 கனஅடி, லாங்க்மூர் அழுத்தம் 600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), பாறை அழுத்தம் 4,000 பிஎஸ்ஐ, அடர்த்தி 2.5. ஒட்டிய வாயு என்பதை நிலக்கரிப் படுகைக்கு மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். நீளமும் தூரமும் ஒரு பயிற்சிக் கோப்பில் இருந்த மாதிரி எண்கள்.

நுண்துளை:
மாதிரி எண்களா? சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

4,000 பிஎஸ்ஐயில் உங்கள் பாறை டன்னுக்குச் சுமார் 70 கனஅடி வாயுவைப் பரப்பில் பிடித்து வைத்திருக்கும். உங்கள் செவ்வகத்துக்கு அது கிட்டத்தட்ட 269 கோடி கனஅடி. ஆனால் இதை அப்படியே 520உடன் கூட்டிவிடாதீர்கள். ஒட்டிய வாயுவும் அதே துளைக்குள்தான் இடம் பிடிக்கிறது. உங்களிடம் வாயுவுக்கான துளை இடம் 4.2 சதவீதம், அதில் ஏறக்குறைய 1 சதவீதத்தை ஒட்டிய அடுக்கே எடுத்துக்கொள்ளும். சுதந்திர வாயுவுக்கு மிஞ்சுவது 3.2தான். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கூட்டினால் ஒரே இருக்கைக்கு இரண்டு பேரிடம் சீட்டு விற்ற கதை.

இன்னொன்று. ஒட்டியதெல்லாம் வெளியே வந்துவிடாது. அழுத்தம் 1,000 பிஎஸ்ஐக்கு இறங்கினாலும் அதே லாங்க்மூர் கோட்டின்படி டன்னுக்கு 50 கனஅடி ஒட்டியபடியே இருக்கும். 500க்கு இறக்கினால்கூட 36 மிச்சம். பாறை முழுக்க அவ்வளவு இறங்குவதும் நடக்காது, வாயு வெளியே வரப் பாறையில் நாம் உண்டாக்கிய விரிசலுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இறங்கும். ஆக, இருப்புக் கணக்கில் ஒட்டிய வாயு பெரிதாகத் தெரியும், உற்பத்தியில் அந்த அளவுக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
திருத்தினேன். சுதந்திர வாயு 397, ஒட்டியது 269, மொத்தம் 666 கோடி. என் 30 வருட உற்பத்தி 665 கோடி. ஆக மீட்பு நூற்றுக்கு நூறு. ஒரு கோடியை மட்டும் பெருந்தன்மையாகப் பாறைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

கரும்பாறை:
தம்பி, சிரித்துவிட்டேன். இருப்புப் பக்கத்தைச் சரிபண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள், பெரிய ஓட்டை சரிவுக் கோட்டில் இருக்கிறது.

ஆர்ப்ஸ் 1945இல் அந்தச் சமன்பாட்டைத் தந்தபோது இன்றைய மாதிரி கிடைமட்ட ஷேல் கிணறுகளே கிடையாது. அவர் பார்த்தவை, வடிகால் எல்லையை எட்டிவிட்டு நிதானமாகச் சரியும் கிணறுகள். அங்கே பி 0க்கும் 1க்கும் நடுவில் இருக்கும். ஷேலில் ஊடுருவுதிறன் நானோடார்சி அளவு, அதாவது வாயு நகர்வதே கஷ்டம். விரிசலை ஒட்டிய பாறை முதலில் காலியாகி, அந்த அழுத்தக் குறைவு மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டே போகும். பல மாதங்களுக்கு, சில கிணறுகளில் வருடக்கணக்கில், பாறைக்குத் தன் எல்லை எங்கே என்பதே தெரியாது. அந்தக் கட்டத்தில் பி 1ஐத் தாண்டும், கோட்பாட்டின்படி 2 வரை போகும். 1.6 வந்ததில் தப்பில்லை. அதை 30 வருடத்துக்கு இழுத்ததுதான் தப்பு. பி 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் மொத்த உற்பத்திக்கு உச்சவரம்பே கிடையாது. உங்கள் கோட்டையே 100 வருடத்துக்கு நீட்டிப் பாருங்கள், 1,111 கோடி வரும்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். வீதம் ஒரு அச்சில், நாள் ஒரு அச்சில், இரண்டுக்கும் மடக்கை அளவுகோல். 6ஆவது மாதத்திலிருந்து 18 வரை சாய்வு என்ன? முதல் சில மாதங்களை விட்டுவிடுங்கள்; விரிசல் உண்டாக்கச் செலுத்திய ஃப்ராக்கிங் தண்ணீர் திரும்பி வருவது, பாய்வைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வைத் திருகுவது எல்லாம் அதில் கலந்திருக்கும். மாத மொத்தத்தை ஓடிய நாட்களால் வகுத்தீர்களா, காலண்டர் நாட்களாலா என்பதையும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஓடிய நாட்களால்தான் வகுத்தேன் சார். பெரிய நிறுத்தம் எதுவும் இல்லை. 6ஆவது மாதம் நாளைக்கு 27.9 லட்சம், 18ஆவது மாதம் 16.1 லட்சம். சாய்வு மைனஸ் 0.50. இவ்வளவு சுத்தமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கரும்பாறை:
அவ்வளவுதான், விடை வந்துவிட்டது. மைனஸ் அரை என்றால் நேர்கோட்டுப் பாய்வு: பாறையிலிருந்து விரிசல் முகத்துக்கு வாயு நேராக வந்து சேரும் கட்டம். உங்கள் 18 மாதமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்து விரிசலின் தாக்கம் இன்னும் வந்து சேரவில்லை, சரிவு இன்னும் வேகமெடுக்கவில்லை. அது எப்போது எடுக்கும் என்பதற்கு உங்கள் தரவில் ஒரு புள்ளிகூட இல்லை. சால்வர் தந்த 1.6 விரிசல் எப்படிப் பாய்கிறது என்று சொல்கிறது. கிணறு எப்போது ஓய்வு பெறும் என்று அதற்குத் தெரியாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் இதைப் போட்டுப் பாருங்கள்: தொடக்க வீதம் 45.45 லட்சம், தொடக்கச் சரிவு 1.292, பி 1.1. 6 முதல் 18ஆவது மாதம் வரை உங்கள் கோட்டுக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 30 வருடத்தில் இது 526 கோடி தரும், உங்களுடையது 665. தரவு ஒன்று, பொருத்தம் இரண்டும் ஒழுங்கு, நடுவில் 139 கோடி கனஅடி.

கணக்குப்பிள்ளை:
போட்டுப் பார்த்தேன், ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிட்டது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. அப்படியானால் எதை நம்புவது?

கரும்பாறை:
வழக்கமாகச் செய்வது, கோடு ஓரளவு வளைந்து, சரிவு ஒரு எல்லைக்கு இறங்கியதும் அதற்குமேல் மாறாத சரிவாக்கிவிடுவது. எல்லையை வருடத்துக்கு 10 சதவீதம் என்று வையுங்கள். நாளைக்கு 1 லட்சம் கனஅடிக்குக் கீழே போனால் கிணற்றை மூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 1.6 கோடு 6 வருடத்தில் மாறி, 539 கோடியில் முடியும். 1.1 கோடு 8 வருடம் தாண்டி மாறி, 462 கோடியில் முடியும்.

ஆனால் அந்த 10 என்னுடைய தேர்வு. 5 என்று வைத்தால் உங்கள் 1.6 கோடு 709 கோடி தரும், மூடுவதற்கு 43 வருடமாகும். ஒரே ஒரு குமிழைத் திருகியதில் 170 கோடி மாறிவிட்டது. அறிக்கைகளில் பி-மதிப்பை இரண்டு தசமம் வரை போட்டுவிட்டு இந்த எல்லையைப் பின்னிணைப்பில் ஒளித்து வைப்பார்கள். நான் யாருடைய அறிக்கையைப் படித்தாலும் முதலில் அதைத்தான் தேடுவேன். அதே வட்டாரத்தில் 8, 10 வருடம் ஓடிய பழைய கிணறுகள் இருந்தால் அவற்றின் பின்பாதிச் சரிவைப் பார்த்து எல்லையை வையுங்கள். ஆனால் கவனம், பழைய கிணறுகளில் விரிசல்களின் இடைவெளி பெரிது. தாக்கம் வந்து சேரும் நேரம் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவெளியைப் பாதியாக்கினால் நாலில் ஒரு பங்கு நேரத்திலேயே சரிவு வேகமெடுத்துவிடும்.

நுண்துளை:
நான் பிறகு வருகிறேன் என்றது இதற்குத்தான். கிணற்றின் உண்மையான நீளம் என்ன? மாதிரி எண் வேண்டாம், நிறைவு அறிக்கையில் இருப்பதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தேடி எடுத்தேன். விரிசல் ஏற்படுத்திய நீளம் 8,800 அடி. என் 5,000 எங்கே, இது எங்கே... இப்போது இருப்பு 1,172 கோடி. மீட்பு 39 முதல் 46 சதவீதம். இது சரியா, இன்னும் அதிகமா?

நுண்துளை:
இயற்பியல் இப்போது கோபித்துக்கொள்ளாது, ஆனாலும் அதிகம்தான். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் உலகளவில் செய்த மதிப்பீட்டில் ஷேல் வாயுவுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம் வைத்தார்கள். மோசமான பாறைக்கு 15, மிகச் சிறந்ததற்கு 35. எண்ணெய் என்றால் 3 முதல் 7 சதவீதம் மட்டும். அவை ஒரு முழு வட்டாரத்துக்கான எண்கள், உங்களுடையது ஒரு கிணற்றைச் சுற்றிய செவ்வகம், அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும் அந்த 660 அடி இடிக்கிறது. பக்கத்தில் வேறு கிணறு இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
இல்லை, தனிக் கிணறு. சுற்றி ஒன்றுமே இல்லை.

நுண்துளை:
அப்படியென்றால் 330 அடியில் சுவர் கட்டியது நீங்கள்தான். 660 என்பது பக்கத்தில் கிணறு போட்டால் விடவேண்டிய இடைவெளி, பாறைக்குள் இருக்கும் எல்லை இல்லை. அகலத்தை 1,000 அடி என்று எடுத்தால் இருப்பு 1,776 கோடி, மீட்பு 26 முதல் 30 சதவீதம்.

கரும்பாறை:
இங்கேதான் ஒரு எச்சரிக்கை. பிடித்த விடை வரும்வரை செவ்வகத்தை அகலமாக்குவதும் ஒரு வகைக் கள்ளக்கணக்கு. 1,000 அடிக்கு ஆதாரம் என்ன? விரிசல் அவ்வளவு தூரம் போனதா, போன இடமெல்லாம் அது மூடிவிடாமல் தாங்கும் மணல் போய் நின்றதா? நேர்கோட்டுப் பாய்வின் சாய்விலிருந்து விரிசலின் பரப்பையும் ஊடுருவுதிறனின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய ஒரே எண்தான் கிடைக்கும், தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்று உறுதி: 18 மாதத்தில் எல்லை தெரியவில்லை என்பதே ஒரு தகவல். கிணறு தொட்டிருக்கும் பாறைக்கு ஒரு குறைந்தபட்ச அளவு அதிலிருந்து கிடைக்கும். உச்ச அளவு கிடைக்காது.

வரைபடம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே தவறு வட்டார அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் மான்டெரே ஷேல் நல்ல உதாரணம். 2011இல் வந்த மதிப்பீட்டின் எலும்புக்கூடு இதுதான்: 1,752 சதுர மைல், சதுர மைலுக்கு 16 கிணறு, கிணற்றுக்கு 5.5 லட்சம் பீப்பாய். பெருக்கினால் 1,542 கோடி பீப்பாய். அதுதான் செய்திகளில் வந்த 15.4 பில்லியன். 2014இல் அதே அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் அதை 60 கோடி பீப்பாய்க்கு இறக்கியது. பெருக்கலில் பிழை இல்லை, உங்களுக்கு இல்லாதது போலவே. மான்டெரே பாறை மடிந்தும் பிளந்தும் கிடக்கிறது. நல்ல இடத்தில் வந்த உற்பத்தி ஒவ்வொரு சதுர மைலிலும் வரும் என்று வைத்ததுதான் வினை.

அமெரிக்காவின் கிழக்கே உள்ள மார்செல்லஸ் ஷேலில் பாறை நன்றாகவே தருகிறது, அங்கேயும் எண் ஆடியது. 2011இல் 410 லட்சம் கோடி கனஅடி என்றார்கள், அடுத்த வருடமே 141. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2011இல் சொன்ன சராசரி 84. அது இன்னும் கண்டுபிடிக்கப்படாத பகுதிக்கான எண், அதனால் மற்ற இரண்டோடு நேராக நிறுத்தக் கூடாது. ஒரு எண்ணைப் பார்த்ததும் இருப்பா, தொழில்நுட்பத்தால் எடுக்கக்கூடியதா, லாபத்தோடு எடுக்கக்கூடியதா என்று கேட்காமல் எக்செலுக்குள் விடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. இப்போது என் தாளில் ஒற்றை எண் இல்லை. பி 1.1 முதல் 1.6, சரிவு எல்லை 5 முதல் 10, அகலம் 660 முதல் 1,000 என்று மூன்றையும் வரம்பாக வைத்து, ஒவ்வொரு முறையும் வரம்புக்குள் ஏதோ ஒரு எண்ணை எடுத்து, ஆயிரம் முறை கணக்கை ஓட்டினேன். கடைசியாக ஒரு சந்தேகம்: பி90 (இது சரிவுக் கோட்டின் பி இல்லை, நிகழ்தகவின் பி) என்றால் பெரிய எண்ணா, சின்ன எண்ணா?

கரும்பாறை:
சின்னது. அந்த அளவோ அதற்கு மேலோ வர 90 சதவீத வாய்ப்பு என்று பொருள். புள்ளியியல் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் பிடிப்பார்கள். பத்துக் கிணறுகளின் பி90களைக் கூட்டி அதுதான் மொத்தத்தின் பி90 என்றும் எழுதிவிடாதீர்கள். பத்தும் ஒரே நேரத்தில் மோசமாகப் போவது அரிது, கூட்டினால் தேவைக்கு மேல் சின்னதாக வரும். அப்புறம், ஆயிரம் ஓட்டத்தில் மீட்பு 100ஐத் தாண்டும் சேர்க்கை ஏதாவது வந்ததா?

கணக்குப்பிள்ளை:
இல்லை சார். அதிகபட்சம் 60. பி 1.6, எல்லை 5, அகலம் 660 மூன்றும் சேர்ந்த இடத்தில்.

கரும்பாறை:
அந்த மூன்றும் ஒன்றாக வரக் கூடாது. அகலம் குறைவென்றால் தாக்கம் சீக்கிரம் வரும், நீண்ட மெதுவான வாலுக்கு அங்கே இடமில்லை. வரம்புகளைத் தனித்தனியாக உருட்டாமல் ஒன்றோடொன்று கட்டி ஓட்டுங்கள். 24 மாதத் தரவு வந்ததும் அதே மடக்கை வரைபடத்தை மறுபடி போட்டு, மைனஸ் அரையிலிருந்து கோடு கீழே விலகுகிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.