பல்கலைக்கழகப் பணப்பட்டியல்களின் நகர்வைக் கணினியில் பின்தொடர்வது எப்படி?

நிதிப்பிரிவு உதவியாளர்:
நான் பணிபுரியும் மாநிலப் பல்கலைக்கழகத்தில், துறைகள் அனுப்பும் பணப்பட்டியல்கள் (பில்கள்), கொள்முதல் ஆணையும் இருப்புப் பதிவேட்டுச் சான்றும் இணைக்கப்பட்டு, இன்றும் பிரிவு பிரிவாகக் கையால்தான் செல்கின்றன. ஒரு பட்டியல் இப்போது யாரிடம் உள்ளது என்று விற்பனையாளர் கேட்டால், ஒவ்வொரு மேசையின் தன்பதிவேட்டையும் (அங்குள்ளவர் தம்மிடம் வந்த தாள்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) புரட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு மென்பொருள் உருவாக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ‘நிலை’ என்றொரு புலம் வைத்து, பட்டியல் நகரும்போதெல்லாம் அதை மாற்றிவந்தால் போதுமா?

மென்பொருளாளர்:
போதாது. நிலையை மாற்றி எழுதும்போது முந்தைய நிலை அழிந்துவிடுகிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் கேட்கப்போவதோ அந்த முந்தைய நிலைகளைத்தான். நகர்வுகளுக்குத் தனி அட்டவணை வையுங்கள். அதில் புதிய வரி சேர்க்கலாம். இருப்பதைத் திருத்தவோ நீக்கவோ எவருக்கும், நிதி அலுவலருக்கும்கூட, உரிமை இருக்கக் கூடாது. அனுப்பியதும் பெற்றுக்கொண்டதும் வெவ்வேறு பதிவுகளாக இருக்கட்டும். பட்டியல்கள் பெரும்பாலும் தொலைவது இந்த இரண்டுக்கும் இடையில்தான். திருப்பி அனுப்புபவர் காரணத்தைக் குறிக்காமல் அனுப்ப முடியாதபடியும் செய்துவிடுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்:
மேலே சொன்னதோடு, பொருள் வந்த தேதியையும் சேர்க்க வேண்டும். விற்பனையாளர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தாலும் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். பொருள் வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லையெனில், வந்த நாளே ஏற்ற நாளாகிவிடும். ஆகவே பட்டியல் நிதிப்பிரிவை எட்டிய நாளிலிருந்து எண்ணும் மென்பொருள், துறையிலேயே கிடந்த நாட்களை மறைத்துவிடும்.

நிதிப்பிரிவு உதவியாளர்:
மிக்க நன்றி, ஐயா. பொருள் வந்த நாளைத் துறையே பதிய வேண்டும் என்று வைக்கிறேன். காகிதக் கோப்புகளை உடனே நிறுத்திவிடலாமா?

மென்பொருளாளர்:
இப்போது வேண்டாம். மின்னணுக் கையொப்பத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஏற்கிறது என்றாலும், பணம் வழங்க ஒப்புதல் தரும் உங்கள் நடைமுறையும் தணிக்கையாளரும் அதை ஏற்கும்வரை, பட்டியலின் முகப்பில் கியூஆர் குறி ஒட்டி, காகிதம் செல்லும் இடமெல்லாம் வருடிப் பதிந்தால் போதும். மென்பொருளை எழுதத் தொடங்குமுன், தில்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘சமர்த்’ மென்பொருள் தொகுப்பில் உள்ள பட்டியல் பின்தொடர்வுக் கூறையும் பார்த்துவிடுங்கள்.