ஃபைண்ட் கட்டளையில் பழைய லாக் கோப்புகள் பாதிதான் கிடைக்கின்றன

கருந்திரை:
உபுண்டு சர்வர், ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) பாஷ். பல ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும் .லாக் கோப்புகளில் 7 நாளைத் தாண்டியவற்றை மட்டும் அழிக்க வேண்டும். நான் கொடுப்பது இது:

ஃபைண்ட் . -நேம் *.லாக் -எம்டைம் +7

ஒரு ஃபோல்டரில் நின்று ஓட்டினால் சரியாக வருகிறது. இன்னொன்றில் ஒரே பெயருள்ள கோப்புகள் மட்டும் வருகின்றன. மூன்றாவதில் பிழைச் செய்தி. ஏழரை நாள் ஆன கோப்பு எங்குமே வரவில்லை. நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் போகாமல் தடுக்கவும் வழி வேண்டும்.

வேர்ப்பாதை:
முதல் கோளாறு ஃபைண்டில் இல்லை, ஷெல்லில் இருக்கிறது. நட்சத்திரக் குறியை மேற்கோளுக்குள் போடாததால், ஃபைண்டின் கைக்குப் போகும் முன்பே பாஷ் அதை விரித்துவிடுகிறது. நிற்கும் ஃபோல்டரில் .லாக் கோப்பே இல்லையென்றால் குறி அப்படியே போய்ச் சேரும், எல்லாம் சரியாக நடக்கும். ஒன்று மட்டும் இருந்தால், உதாரணமாக ஆப்.லாக், நீங்கள் தேடச் சொன்னது ஆப்.லாக் என்ற பெயரை மட்டும்தான். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் உபரிப் பெயர்களை என்ன செய்வதென்று தெரியாமல் பிழை காட்டும். இதில் நடுவில் உள்ளதுதான் மோசம், தப்பு நடந்ததே தெரியாது. '*.லாக்' என்று ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

-எம்டைம் (கோப்பைக் கடைசியாக மாற்றி எத்தனை நாள்) விஷயம்: ஃபைண்ட் கோப்பின் வயதை 24 மணி நேரத் துண்டுகளாக எண்ணி, மிச்சத்தைத் தள்ளிவிடும். 7 நாள் 12 மணி நேரம் அதன் கணக்கில் வெறும் 7. +7 என்றால் ஏழைவிடப் பெரியது, அதாவது முழுசாக 8 நாள் ஆகியிருக்க வேண்டும். +6 என்று கொடுங்கள். நிமிடக் கணக்கில் வேண்டுமானால் -எம்மின் +10080.

இதே குணம் -சைஸிலும் உண்டு, ஆனால் அங்கே மேல்நோக்கி முழுமையாக்கும். -சைஸ் -1எம் என்றால் ஒரு மெகாபைட்டுக்குக் குறைந்தவை வராது, காலிக் கோப்புகள் மட்டும் வரும்.

நள்ளிரவு_க்ரான்:
ஃபோல்டருக்குள் இறங்காமல் தவிர்க்க -ப்ரூன்:

ஃபைண்ட் . -நேம் நோட்_மாட்யூல்ஸ் -ப்ரூன் -ஓ -நேம் '*.லாக்' -டைப் எஃப் -எம்டைம் +6 -பிரிண்ட்

கடைசி -பிரிண்ட்டை விட்டுவிட்டால் நோட்_மாட்யூல்ஸ் பெயரும் பட்டியலில் வந்து நிற்கும்.

பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அழிப்பு. -ப்ரூனோடு -டெலீட் சேராது. -டெலீட் இருந்தால் ஃபைண்ட் உள்ளே இருப்பதை முதலில் முடித்துவிட்டுத்தான் வெளிக் ஃபோல்டருக்கு வரும், அப்போது -ப்ரூனுக்கு வேலையே இல்லை. க்னூ ஃபைண்ட் பிழை சொல்லி நின்றுவிடும், நல்லவேளை. எனவே -பிரிண்ட் இருந்த இடத்தில் -எக்ஸெக் ஆர்எம் {} + என்று போடுங்கள் (ஆர்எம் என்பது கோப்பை அழிக்கும் கட்டளை). கடைசியில் + போட்டால் கோப்புகளைக் கூட்டமாக அள்ளி ஆர்எம்முக்குக் கொடுக்கும், \; போட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஆர்எம் ஓடும்.

-ப்ரூன் இல்லாத இடத்தில் -டெலீட் போடுவதானால் அது கடைசியில்தான் வர வேண்டும். நிபந்தனைகள் இடமிருந்து வலமாகப் பார்க்கப்படும். -டெலீட்டை -நேமுக்கு முன்னால் வைத்தால் பெயரையே பார்க்காமல் அந்த ஃபோல்டருக்குக் கீழே உள்ள அத்தனையும் போய்விடும்.

எக்ஸ்ஆர்க்ஸ் (வரும் பட்டியலை இன்னொரு கட்டளைக்குக் கொடுப்பது) வழியாக அனுப்பும் பழக்கம் இருந்தால் -பிரிண்ட்0, எக்ஸ்ஆர்க்ஸ் -0 இரண்டையும் ஜோடியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் பெயரில் இடைவெளி உள்ள கோப்பு இரண்டு கோப்பாக உடையும்.

கருந்திரை:
வேலை செய்கிறது, நன்றி. அழித்தும் டிஎஃப் (டிஸ்க் இடத்தைச் சொல்லும் கட்டளை) காட்டும் பயன்பட்ட இடம் பெரிதாகக் குறையவில்லையே?

வேர்ப்பாதை:
ஏதோ சர்வீஸ் அந்த லாக்கைத் திறந்தே வைத்திருக்கும். வாரக்கணக்கில் ஒன்றும் எழுதாவிட்டாலும் பிடியை விடாது. பெயர் அழிந்தாலும் பிடி இருக்கும்வரை டிஸ்கில் இடம் விடுபடாது. சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 ஓட்டினால் எந்தப் பிராசஸ் என்று தெரியும், அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்த தடவை, திறந்திருக்கும் லாக்கை ஆர்எம் செய்யாமல், உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கும் ட்ரங்கேட் -எஸ் 0 கொடுத்தால் இடம் உடனே கிடைக்கும்.