இன்விசிபிலிட்டியில் இருக்கும் ரோக் நிற்கும் கட்டம் எதிரிக்குத் தெரியுமா?

அல்சூர்_டிஎம்:

பெங்களூரு அல்சூரில் சனிக்கிழமை மாலைகளில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பாத்திரமேற்று டைஸ் உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு) ஆடும் ஒரு சிறு தமிழ்க் குழுவை, கதையை நகர்த்தித் தீர்ப்புச் சொல்லும் டிஎம்மாக, நான் நடத்துகிறேன். எங்கள் டேபிளில் 2014ஆம் ஆண்டின் விதிப்புத்தகமே செல்லும் என்றாலும், இருவர் 2024 பதிப்பை வாங்கி வந்து அவ்வப்போது அதிலிருந்தும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சென்ற வாரம் ஒரு கோட்டையின் தானியக் கிடங்கில் சண்டை நடந்தது. மந்திரவாதிப் பாத்திரமான விஸார்ட், பதுங்கித் தாக்கும் பாத்திரமான ரோக் மீது, உருவத்தை மறைக்கும் இன்விசிபிலிட்டி ஸ்பெல்லைப் போட்டார். ரோக் தன் முறையில் டாஷ் ஆக்ஷனைப் (கூடுதல் தூரம் ஓடும் செயல்) பயன்படுத்தி, கொட்டிக் கிடந்த தானியத்தின் மீது ஓடி, கிடங்கின் மறுகோடியில் ஒரு தூணருகே போய் நின்றார். அடுத்து வந்த எதிரிகளான ஹாப்கோப்ளின் வில்லாளிகள் இருவரை அந்தக் கட்டத்தை நோக்கியே, டிஸ்அட்வான்டேஜுடன் (இரண்டு டைஸ் போட்டுச் சிறியதை எடுப்பது), அம்பெய்ய வைத்தேன். ஓர் அம்பு பட்டுவிட்டது. உடனே ரோக்காக ஆடும் நண்பர், கட்டம் போட்ட விரிப்பின் மீதிருந்த தன் மினியை (பாத்திரத்தைக் குறிக்கும் சிறு பொம்மை) எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, “என்னைப் பார்க்கவே முடியாதவனுக்கு நான் நிற்கும் கட்டம் மட்டும் எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அதன் பிறகு ஆட்டம் நகரவில்லை. என் தீர்ப்பு விதிப்படி சரியா என்பதையும், சரியென்றாலும் அது நியாயம்தானா என்பதையும் அனுபவமுள்ள டிஎம்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பகடைப்பித்தன்:

விதிப்படி நீங்கள் சொன்னது நிற்கும். 2014 புத்தகத்தில் இன்விசிபிள் என்ற நிலை மூன்று பலன்களைத்தான் தருகிறது: மாயமோ சிறப்புப் புலனோ இல்லாமல் அவரைப் பார்க்க இயலாது, அவர் மீதான தாக்குதல்களுக்கு டிஸ்அட்வான்டேஜும் அவர் செய்யும் தாக்குதல்களுக்கு அட்வான்டேஜும் (இரண்டு டைஸில் பெரியதை எடுப்பது) உண்டு, ஒளிந்துகொள்ளும் நோக்கில் அவர் அடர்ந்த மறைப்பில் இருப்பவராகக் கருதப்படுவார். எழுப்பும் ஓசையாலும் விட்டுச் செல்லும் தடத்தாலும் அவர் இருக்கும் இடத்தைக் கண்டறியலாம் என்றும் அதே பத்தி வெளிப்படையாகச் சொல்கிறது. இடமும் தெரியக் கூடாது என்றால் அவர் ஹைட் ஆக்ஷன் (ஒளியும் செயல்) எடுத்து, எதிரிகளின் பாஸிவ் பெர்செப்ஷனை (கவனிக்கும் திறனின் நிலையான எண்) மிஞ்சும் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) எண்ணைப் போட்டாக வேண்டும். ஹாப்கோப்ளினின் பாஸிவ் பெர்செப்ஷன் வெறும் 10தான். இரண்டாம் லெவலை எட்டிய ரோக் என்றால், கன்னிங் ஆக்ஷன் என்ற திறன் மூலம் ஓடுவதை போனஸ் ஆக்ஷனாகவும் (அதே முறையில் கிடைக்கும் கூடுதல் செயல்) ஒளிவதை ஆக்ஷனாகவும் ஒரே முறையில் செய்திருக்கலாமே.

உங்கள் நண்பர் நினைப்பதுபோல் ஸ்பெல் வீணாகவும் போகவில்லை. அவருடைய ஏசி (அடி படுவதற்குத் தாக்குபவர் தொட வேண்டிய எண்) 15 என்று வைத்துக்கொள்வோம். +3 போனஸ் உள்ள ஹாப்கோப்ளின் வில்லுக்கு டி20இல் (இருபது முக டைஸ்) 12 விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 45 சதவீதம். டிஸ்அட்வான்டேஜில் இரண்டு டைஸும் 12ஐத் தொட வேண்டியிருப்பதால் அது ஏறக்குறைய 20 சதவீதமாக இறங்கிவிடுகிறது. தவிர, ஆப்பர்சூனிட்டி அட்டாக் (பக்கத்திலிருந்து விலகுபவரை உடனே தாக்குவது) கண்ணில் படுகிறவர் மீது மட்டுமே செய்யக்கூடியது என்பதால், அவர் எந்த எதிரியின் பக்கத்திலிருந்தும் அடி வாங்காமல் விலகலாம். பார்த்துக் குறிவைக்க வேண்டிய மேஜிக் மிஸைல் போன்ற ஸ்பெல்களும் அவர் மீது செல்லாது.

கெம்பேகவுடா_வாசி:

மேலே உள்ள பதிலில் கணக்கு சரிதான். ஆனால் ஒரு தாவல் இருக்கிறது. ஓசையால் இடத்தைக் கண்டறியலாம் என்று புத்தகம் சொல்வதற்கும், எல்லா எதிரிகளுக்கும் எப்போதும் இடம் தெரியும் என்பதற்கும் நிறைய தூரம் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் டிஎம் இருக்கிறார். கரண்ட் போன இரவில், சமையலறையில் நடப்பது யார் என்பதைக் காலடி ஓசையை வைத்தே சொல்லிவிடுகிறோம். அதே வேளையில் கீழே தெருவில் ஜெனரேட்டர் ஓடினால் பக்கத்தில் வந்து நிற்பவர்கூடத் தெரியமாட்டார்.

ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி, அந்த வில்லாளியின் காதுக்கு அது எட்டியிருக்குமா என்பதுதான். தானியத்தின் மேல் ஓடியவரின் ஒவ்வொரு அடிக்கும் சரசரப்பு எழும், குழியும் விழும்; ஆகையால் அதே தளத்தில் நிற்கும் ஹாப்கோப்ளின் அவரைக் குறிவைத்தது முற்றிலும் நியாயம். அதே வில்லாளி நூறடி தள்ளி மதில்மேல் நின்று, அபாய மணியும் அடித்துக்கொண்டிருந்தால், ஹைட் ஆக்ஷன் எடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நான் அவனுக்குக் கட்டத்தைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். விதியை இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் டிஎம், உருமறைந்து பறக்கும் ஆந்தைக்கும் இதையேதான் சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம்.

பழைய_டைஸ்:

இரண்டு பேர் சொல்வதையும் டேபிளில் எப்படி நடத்துவது என்பதை மட்டும் சேர்க்கிறேன். இடம் தெரிந்த எதிரிகள் இருக்கும்வரை மினி விரிப்பிலேயே நிற்கட்டும். ஹைட் வெற்றி பெற்றதும் மினியை எடுத்துவிட்டு, கடைசியாகத் தெரிந்த கட்டத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள். ஆட்டக்காரர் தான் உண்மையில் இருக்கும் கட்டத்தைத் துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்வார். எதிரி ஊகித்துத் தாக்கும் கட்டத்தில் அவர் இல்லையென்றால் டைஸில் என்ன விழுந்தாலும் அது தவறியதே. ஆட்டக்காரர்கள் இப்படி ஊகித்துத் தாக்கும்போது “படவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். ஊகம் தவறா, அடி தவறா என்று சொல்லிவிட்டால் அடுத்த அடிக்கு வழிகாட்டியதாக ஆகிவிடும்.

இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இந்தச் சண்டைக்கே இடம் வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் கண்ணெதிரே இருப்பது, கட்டம் மட்டும் தெரிவது, கட்டமும் தெரியாதது, அப்படி ஒருவர் இருப்பதே தெரியாதது என்று நான்கு நிலைகள் தனித்தனியே உள்ளன. கட்டம் மட்டும் தெரிந்தால், தாக்குவதற்கு முன் கூட்டல் ஏதுமில்லாத டி20இல் 11 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். எந்த விதிப்புத்தகத்தை வைத்து ஆடினாலும் இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் தீர்ப்புச் சொல்வது எளிதாகிறது.

அல்சூர்_டிஎம்:

மூவருக்கும் நன்றி. கிடங்கில் கொடுத்த தீர்ப்பை மாற்றாமல், தொலைவையும் இரைச்சலையும் இனி கணக்கில் கொள்வதாகக் குழுவில் சொல்லிவிட்டேன். நாணய ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு கிளைக் கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. எதிரித் தரப்பு மந்திரவாதி ஸீ இன்விசிபிலிட்டி (மறைந்தவரைப் பார்க்க உதவும் ஸ்பெல்) போட்டிருந்தால் ரோக்குக்கு அவனிடத்தில் ஏதாவது பலன் மிஞ்சுமா? மேலும், ரோக் ஆயுதத்தைத் தொடாமல், பரணில் கட்டிய மூட்டையின் கயிற்றை அறுத்து எதிரியின் தலையில் விழவைத்தால் ஸ்பெல் கலையுமா?

பகடைப்பித்தன்:

முதல் கேள்வியில் 2014 புத்தகத்தின் எழுத்தை மட்டும் பிடித்தால் விசித்திரமான விடை வரும். அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் அந்த நிலைக்கே உரியவையாக எழுதப்பட்டிருப்பதால், தெளிவாகப் பார்க்கிறவன்கூட டிஸ்அட்வான்டேஜுடன்தான் தாக்க வேண்டும் என்று வாதிட இடமிருக்கிறது. எந்த டேபிளிலும் அதை நான் ஏற்க மாட்டேன். 2024 பதிப்பு, உங்களைப் பார்க்கக்கூடியவரிடம் இந்தப் பலன் கிடையாது என்று எழுதி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. 2014ஐ வைத்து ஆடினாலும் இந்த ஒரு வரியை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூட்டை விஷயத்தில் பதிப்புகள் உண்மையிலேயே வேறுபடுகின்றன. 2014இல் தாக்கினாலோ ஸ்பெல் போட்டாலோதான் இன்விசிபிலிட்டி கலையும். கயிற்றை அறுப்பதற்குத் தாக்குதல் டைஸ் கேட்காவிட்டால் அது தாக்குதல் ஆகாது என்பதால் ரோக் மறைந்தே இருப்பார். 2024இல் சேதம் விளைவித்தாலும் கலையும் என்று சேர்த்திருக்கிறார்கள். உங்கள் டேபிள் 2014 என்பதால் மூட்டை விழட்டும், ரோக் மறைந்தே இருக்கட்டும். ஆனால் அறுந்த கயிறு எந்தத் தூணில் கட்டியிருந்தது என்பதை ஹாப்கோப்ளின்கள் பார்ப்பார்கள். அந்த ஸ்பெல்லுக்கு விஸார்டின் கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல்லை நிலைக்க வைக்கும் கவனம், அடிபட்டால் கலையக்கூடியது) தேவை என்பதும் அவர்களில் ஒருவனுக்குத் தெரிந்திருந்தால், அடுத்த அம்பு விஸார்டை நோக்கித்தான் வரும்.