ஆஃப்ஸ்டெட் வருகைக்கு வீட்டைத் தயார் செய்ய உதவி தேவை

வணக்கம் தோழிகளே. இங்கிலாந்தில் சைல்ட்மைண்டராக (பிறர் குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவராக) பதிவு செய்தவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஆஃப்ஸ்டெடிலிருந்து (பள்ளி, குழந்தைக் காப்பகங்களை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு) வீட்டைப் பார்க்க வருகிறார்கள். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி முடிந்தது. எனக்கும் கணவருக்கும் டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனைச் சான்று) வந்துவிட்டது. ஆனால் திருச்சியிலிருந்து மாமியார் வந்து சில மாதம் தங்கப்போகிறார். வீட்டில் இருக்கும் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டே, விருந்தாளியாக வந்தவருக்குமா?

மருந்து, பினாயில், அரிவாள்மனை எல்லாம் மேல் அலமாரிக்குப் போய்விட்டன. ஜன்னல் பிளைண்டுக் கயிறுகளை உயரத்தில் கொக்கியில் சுற்றிவிட்டேன். தலைவலி மாடிப்படிதான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் உருண்டையான மரத்தூண். அழுத்திப் பொருத்தும் கேட் அதில் நிற்காமல் வழுக்குகிறது. துளை போட வீட்டு ஓனர் விடமாட்டார். யாராவது வழி கண்டீர்களா? அப்புறம், சாமி விளக்கு முழங்கால் உயரத் தட்டில் எரிகிறது. அதை மாற்றச் சொல்லி மாமியாரிடம் பேசுவதைவிட இன்ஸ்பெக்டரைச் சமாளிப்பது சுலபம்!

உண்மையில் கேள்விகளுக்குத்தான் பயம். குழந்தை உடம்பில் காயம் கண்டால் யாரிடம் சொல்வீர்கள் என்பது மாதிரிக் கேட்பார்களாம். ஒரு சைல்ட்மைண்டர் அதிகபட்சம் 8 வயதுக்குள் 6 பேர், அதில் 5 வயதுக்குள் 3 பேர், கைக்குழந்தை ஒன்று என்ற கணக்கெல்லாம் மனப்பாடம். ஆங்கிலத்தில் கோர்வையாகத்தான் வரவில்லை. உங்களிடம் என்ன கேட்டார்கள்? சாயங்காலம் போனில் கேள்வி கேட்டுப் பழக்கிவிட யாராவது தயார் என்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.