சாயப்பட்டறைக்குச் சூரியச் சுடுநீர்: எந்த மாதிரியை ஓட்டுவது?

கேள்வி (ஈரோட்டுப் பட்டறை):
தினமும் 10,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற விறகு பாய்லர் ஓடுகிறது. சாம் (SAM, சூரிய ஆற்றல் விளைச்சலைக் கணக்கிடும் மென்பொருள்) மென்பொருளில் பரவளையத் தொட்டி (வளைந்த கண்ணாடியால் வெயிலை ஒரு குழாயில் குவிக்கும் அமைப்பு) மாதிரியை ஓட்டினால் விளைச்சல் ரொம்பக் குறைவு. ஏன்?

பதில் (வெப்பக்கணக்கு):
பரவளையம் நேரடிக் கதிரை மட்டும்தான் குவிக்கும். மேகத்திலும் தூசியிலும் சிதறி வரும் வெளிச்சம் அதற்கு வீண். 80 டிகிரிக்குத் தட்டைத் தகடே (வெயிலைக் குவிக்காமல் நேராக வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) போதும், அது நேரடிக் கதிர், சிதறிய வெளிச்சம் இரண்டையும் வாங்கும்.

உங்கள் தேவை நாளொன்றுக்குச் சுமார் 580 யூனிட் வெப்பம். அடுத்து, எந்த வெப்பநிலையில் திறனைக் கணக்கிடுகிறீர்கள் என்று பாருங்கள். தகட்டின் ஒளித்திறன் (வெப்ப இழப்பே இல்லாதபோது உள்ள திறன்) 0.8, சூடு ஏற ஏற வெளியே போகும் வெப்பத்தைக் காட்டும் இழப்பு எண்கள் 3.5, 0.015 என்று வையுங்கள். வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட், வெளிக்காற்று 30 டிகிரி. 80 டிகிரி என்றே போட்டால் திறன் 53 சதவீதம். தண்ணீர் ஒரே ஓட்டத்தில் 30-லிருந்து 80-க்கு ஏறுகிறது என்றால் சராசரி 55 டிகிரி. திறன் 68 சதவீதம். ஆகவே குளிர்ந்த தண்ணீரைத்தான் தகட்டுக்கு அனுப்ப வேண்டும். பாய்லர் சூட்டைச் சுடுநீர் சேமிப்புத் தொட்டியின் அடியில் கலந்துவிட்டால் இந்த லாபம் போய்விடும்.

ஈரோட்டுப் பட்டறை:
சரி. சாயத்தொட்டி நிரம்பும்போது அரை மணியில் 2,000 லிட்டர் இழுக்கிறோம்.

வெப்பக்கணக்கு:
அப்படியானால் நாள் சராசரி போடாதீர்கள். மணிவாரி இழுப்பைக் கொடுங்கள். சேமிப்புத் தொட்டியின் அளவை முடிவு செய்வது அதுதான்.